சைகை முடிந்த பிறகு

என் தங்கையை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலு என்பார்கள். விளையாட்டுப் போட்டிகளை நேரடியாக ஒளிபரப்பும் கம்பெனியில் அவள் கேமரா பிடிக்கிறாள். அவளுடையது நாலாம் நம்பர் கேமரா. மற்ற மூவரும் ஆண்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, அதனால் அவரை மட்டும் 'ரெண்டண்ணா' என்பாள். வீட்டில் அவள் பாப்பா. முப்பது தாண்டிய பாப்பா. இப்போதெல்லாம் கோபம் வந்தால் அம்மாகூட "ஏய் நாலு" என்றுதான் அதட்டுகிறாள்.

அவளுக்குக் கையைப் பார்க்கிற பழக்கம் சின்ன வயதிலேயே உண்டு. நான் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு பம்பு கம்பெனி கொடுத்த காலண்டர் அப்போது கடைச் சுவரில் தொங்கியது. ஒரு பெண் பம்பின் மேல் சாய்ந்து, கையில் ஸ்பானரோடு சிரித்துக்கொண்டிருப்பாள். பள்ளி விட்டதும் பாப்பா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருநாள் பென்சிலைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள்.

"அண்ணா, அந்த அக்கா எதைக் கழட்டப் போறா?"

"எதையும் கழட்ட மாட்டா. சும்மா நிக்கறா."

"பின்ன எதுக்கு ஸ்பானர்? அது அந்த நட்டுக்குச் சேராதே. நீ பெரிசுதானே எடுப்ப?"

எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மாதக்கணக்கில் தினமும் பார்த்த படம், அதில் ஸ்பானர் இருப்பதே அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. ஃபேனை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஒருவரிடம், "அந்தப் பொண்ணு கையில என்ன வெச்சிருக்கா, சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"கையா? கையைப் பாக்கவா காலண்டர் மாட்டியிருக்க?" என்று சிரித்தவர், ஸ்டூலில் பாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஃபேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் பக்கத்துத் தெரு வீடியோக்காரரிடம் சேர்ந்தாள். கல்யாண வீடுகளில் அவர் படமெடுக்க, இவள் விளக்குப் பிடிப்பாள். அவருக்கு ஒரே ஒரு சட்டம். "மாப்பிள்ளைன்னா நேரா முகம். பொண்ணுன்னா பாதத்துல ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறணும். முகத்துக்கு வரப்ப பாட்டு மாறணும்." ஒரு கல்யாணத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து கேமரா இவள் கைக்கு வந்தது. கடைசி நேரத்தில் மாப்பிள்ளையின் சட்டைக்கையில் பட்டன் தெறித்துவிட, மணப்பெண் தன் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஊசியை வாயில் கவ்வி, துணியை மடித்து, குத்திவிட்டாள். இவள் அதை முழுதாக எடுத்துவிட்டாள். வீடியோக்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கேசட் கொடுத்தார். மறுநாளே அந்த மணப்பெண் வீடியோக் கடைக்கு வந்து நின்றாளாம். "நான் ஊக்கு குத்தினேனே, அது எங்க?"

பிறகுதான் ஒளிபரப்புக் கம்பெனி. அங்கே முதல் மூன்று வருஷம் கேபிள் சுருட்டினாள். மைதானம் முழுக்க ஓடும் கேபிளைப் போட்டி முடிந்ததும் முறுக்கு விழாமல் வளையம் வளையமாகச் சுருட்ட வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது. கேமரா கிடைத்ததற்குத் திறமை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மணலில் ஆடும் வாலிபால் போட்டிக்கு வலைக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, கேமராக்காரரை அதில் உட்கார வைப்பார்கள். தரை மட்டத்திலிருந்து படம் வேண்டுமே. பழைய நாலாம் நம்பர் தொந்தி போட்டுவிட்டார், குழிக்குள் இறங்கினால் நாலு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. பாப்பா ஒல்லி, குள்ளம். "நீ இறங்கிப் பாரும்மா" என்று இயக்குநர் சொன்னார். இறங்கினாள். அதற்குப் பிறகு யாரும் அவளை அதிலிருந்து எழுப்பவில்லை.

இயக்குநரை எல்லோரும் வண்டிக்காரர் என்பார்கள். மைதானத்துக்கு வெளியே ஒரு பெரிய வண்டி நிற்கும்; உள்ளே வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒன்று. அவர் அவற்றின் முன்னால் உட்கார்ந்து, எந்தப் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொல்வார். எல்லோர் காதிலும் ஹெட்செட், அதில் அவர் குரல். எந்தக் கேமராவின் படம் போகிறதோ அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும். கலகலப்பான மனிதர். கேமராக்காரர்களுக்கு டீ வந்து சேர்ந்ததா என்று கேட்காமல் ஆரம்பிக்க மாட்டார். அவளுக்குக் கேமரா கொடுத்தவர் அவர்தான், அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

இனி சைகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணல் வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். ஒருத்தி பின்னால் நின்று பந்தைப் போடுவாள், இன்னொருத்தி வலை ஓரமாக நிற்பாள். வலையோரம் நிற்பவள் தன் கையை முதுகுக்குப் பின்னால், இடுப்பருகே வைத்து, விரலால் கூட்டாளிக்குச் சொல்வாள்: ஒரு விரல் நீட்டினால் நேராக வரும் பந்தை நான் மறிக்கிறேன், இரண்டு நீட்டினால் குறுக்கே வருவதை. ஒரு நொடிதான். விரலை மடக்கிவிட்டு, கையை மேலே கொண்டுபோய் விடுவாள். அந்தச் சைகையைக் காட்டுவது நாலாம் நம்பரின் வேலை. ஆண்கள் ஆட்டத்திலும் காட்டுவார்கள், பெண்கள் ஆட்டத்திலும் காட்டுவார்கள்.

ஒரு வருஷம் பெண்கள் அரையிறுதி. வலையோரம் நின்றவள் நல்ல உயரம், ரசிகர்கள் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி செட், கடைசிப் பந்து. நெட்டை சைகை காட்டினாள், பாப்பா எடுத்தாள். விரல் மடங்கியது. பாப்பா கேமராவை மேலே தூக்கப் போகும்போது ஹெட்செட்டில் குரல்: "நாலு, அப்படியே இரு. அழகா இருக்கு."

இருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து பாய்ந்து வந்து, வலைக்கு மேல் நெட்டையின் கையைக் கடந்து, கோட்டுக்கு வெளியே விழுந்தது. விரலில் பட்டு வெளியே போனது, எங்களுக்குத்தான் புள்ளி என்றார்கள் எதிரணியினர். படவில்லை என்றாள் நெட்டை. நடுவர் பட்டது என்றார், ஆனாலும் படத்தைப் பார்க்கலாம் என்று வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். ஒண்ணாம் கேமரா எங்கேயோ உயரத்தில், அதில் விரல் அரிசி மணி அளவுகூட இல்லை. ரெண்டாம் கேமரா, பந்து போட்டவளைக் காட்டிக்கொண்டிருந்தது. மூணாம் கேமரா, பார்வையாளர்களுக்கு நடுவே தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போயிருந்தது, அதுவும் வண்டிக்காரர் சொல்லித்தான். நாலில் நெட்டையின் இடுப்பு. அவள் எகிறியபோதும் இடுப்புதான். விரல் எந்தப் படத்திலும் இல்லை. படம் இல்லாததால் நடுவர் சொன்னதே நின்றது. நெட்டை தோற்றாள்.

பாப்பா குழியை விட்டு ஏறி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தோளில் துண்டோடு நெட்டை வந்தாள்.

"நீதானே பக்கத்துல இருந்த? பட்டுச்சா, படலையா?"

"தெரியல. நான் கையைப் பாக்கல."

"பின்ன எதைப் பாத்த?"

பாப்பாவுக்குப் பொய் வராது. "இடுப்பை" என்றாள்.

நெட்டை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு, "நான் இடுப்பால பந்து ஆடறதில்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் பாப்பா. நடந்தது எதுவும் தெரியாத அம்மா துணி மடித்தபடியே ஆரம்பித்தாள். "என்னடி படம் எடுத்தீங்க? கடைசிப் பந்துல அந்தப் பொண்ணோட துணித் தையல் மட்டும்தான் தெரிஞ்சுது. பந்து எங்க போச்சுன்னே தெரியல. டிவி கெட்டுப்போச்சுன்னு உங்கண்ணனை வேற திட்டினேன். பாவம், அவன் பின்பக்கம் போய் வயரையெல்லாம் ஆட்டிப் பாத்தான்."

பாப்பா சிரிக்கவில்லை. என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "ஆம்பளைங்க மேட்ச்ல விரல் மடங்கினதும் வேற படத்துக்குப் போயிடுவார்ணா. பொண்ணுங்க மேட்ச்ல மட்டும் அப்படியே இருங்கறார். கை போன பிறகு அங்க என்ன சைகை இருக்கு?" என்றாள்.

"இத்தனை நாளா நீயும் இருந்திருக்கியே."

"இருந்தேன். எல்லாரும் இருந்தாங்க, நானும் இருந்தேன். இனிமே கை எங்க போகுதோ, கேமராவும் கூடப் போகும்."

"திரும்பக் கேபிள் சுருட்ட அனுப்பிட்டார்னா?"

"சுருட்டத் தெரியும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அந்தக் குழிக்குள் இறங்க விடுவார்களா என்பதுதான் அவளுடைய கவலை. அந்தக் கேமரா அவளுக்கு உயிர். எனக்கும் அதுதான் கவலை.

அடுத்த மாதம் இன்னொரு போட்டி. பெண்கள் இறுதி ஆட்டம், நெட்டையின் அணி வந்திருந்தது. கேபிள் ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்று பாப்பா என்னைக் கூப்பிட்டாள். "முறுக்காமச் சுருட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். கடையை ஒருநாள் மூடினா ஊர்ல எல்லா மோட்டாரும் நின்னுடாது, வா." காயில் கட்டுகிறவனுக்குக் கேபிள் சுருட்டுவது ஒரு வேலையா, போனேன். குழிக்குப் பக்கத்தில் கேபிளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எனக்கு. காதில் எனக்கும் ஒரு ஹெட்செட். அதனால் அன்று நடந்ததை யார் சொல்லியும் எழுதவில்லை, நானே கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

காலையில் வண்டி வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே பேச்சை எடுத்துவிட்டாள்.

"சார், இன்னிக்கு சைகை கொடுக்கறேன். விரல் மடங்கினதும் கையோட மேல போயிடுவேன்."

"எப்பப் போகணும்னு நான் சொல்றேன்ல" என்றார் வண்டிக்காரர், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"போன தடவ சொல்லலையே சார்."

"ஏம்மா, வீட்ல உக்காந்து பாக்கறவன் எதைக் கேக்கறானோ அதைத்தான் நாம கொடுக்கறோம்."

"எங்கம்மாவும் வீட்ல உக்காந்துதான் சார் பாத்தாங்க. டிவி ரிப்பேர்னு நினைச்சாங்க."

ரெண்டண்ணாவுக்கு டீ புரையேறியது. வண்டிக்காரரும் சிரித்தார். பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்ததைப் பார்த்து, "பாரு, இதுவும் கெட்டுது" என்றார். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல.

ஆட்டம் ஆரம்பித்தது. "நாலு, சைகை." சிவப்பு விளக்கு எரிந்தது. நெட்டையின் இரண்டு விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. மடங்கின. பாப்பாவின் கேமரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே மேலே போய் வலையின் விளிம்பில் நின்றது.

"நாலு, கீழ."

"சைகை முடிஞ்சுது சார். கை இங்க இருக்கு."

"நாலு, கீழ இறங்கு."

"சார், பந்து வரப்போகுது."

பந்து வந்தது. வலைக்கு மேல் நான்கு கைகளும் பந்தும் ஒரே படத்தில். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை வண்டிக்காரர் அவளை விட்டுவிட்டார். "மூணு, நீ அந்தப் படத்தைக் கொடு." மூணாம் நம்பர்காரர் வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். "எனக்கு இங்கேருந்து முகம்தான் சார் தெரியுது. முகம் தரட்டுமா?" என்றார். குரலில் சிரிப்பே இல்லை. அதனால்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்செட்டின் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முதல் செட்டை நெட்டை ஜெயித்தாள், இரண்டாவதை எதிரணி. செட் முடிந்த இடைவெளியில் ஹெட்செட்டில் வந்த குரல் காலையில் டீ குடித்தவருடையது மாதிரியே இல்லை.

"நாலு, கேமராவை வெச்சிட்டு மேல ஏறு. உங்கண்ணன் கூடப் போய்க் கேபிளைப் பாரு. ரெண்டு, நீங்க போய் நாலை எடுங்க."

பாப்பா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். ஏறுவதற்குக் கை கொடுக்கலாமென்று நான் குனிந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. லென்ஸில் ஒட்டியிருந்த மணலை ஊதிக்கொண்டிருந்தாள். அடுத்து வருகிறவருக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று. 

என் காதில் ரெண்டண்ணாவின் குரல் கேட்டது. "சார், எனக்கு முட்டி மடங்காது. அந்தக் குழியில என்னால உக்கார முடியாது."

"எப்பத்திலேருந்து?"

"வயசாகுதில்ல சார்."

அன்று காலை வண்டியின் கூரையில் ஏறிக் கம்பி கட்டியவர் அதே ரெண்டண்ணாதான், நானே ஏணியைப் பிடித்தேன். ஒண்ணாம் நம்பர்காரர் தன் கேமரா இருக்கும் கோபுரத்திலிருந்து இறங்கி வரவே நேரம் போதாது என்றார். மூணைக் கேட்கவில்லை. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

"ஏற வேணாம். அவளை அப்படியே இருக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார் வண்டிக்காரர். கடைசி செட் முழுக்க அவள் நம்பரைச் சொல்லாமலே ஓட்டினார். சிவப்பு விளக்கு அவள் பக்கம் எரியவே இல்லை. எரியாவிட்டால் என்ன, அவள் ஒவ்வொரு பந்துக்கும் சைகையை எடுத்தாள், விரல் மடங்கினதும் கையோடு மேலே போனாள். வீடுகளுக்குப் போகாவிட்டாலும் வண்டியில் எல்லாப் படமும் பதிவாகும்.

செட் முடியும் தறுவாயில், பழையபடி அதே மாதிரி ஒரு பந்து. நெட்டை எகிறினாள். பந்து அவள் கையைக் கடந்து வெளியே விழுந்தது. இந்தத் தடவை நடுவர், படவில்லை, நெட்டைக்குத்தான் புள்ளி என்றார். எதிரணி கையைத் தூக்கியது. படம் வேண்டும்.

 ஹெட்செட்டில் வண்டிக்காரர் மெதுவாகக் கேட்டார், "நாலு, உன்கிட்ட இருக்கா?"

நான் அவள் மடியிலிருந்த ஹெட்செட்டைக் காட்டி, "படம் இருக்கான்னு கேக்கறார்" என்றேன். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். "இருக்கு சார்."

மைதானத்தின் பெரிய திரையில் அவள் எடுத்த படம் வந்தது. வலைக்கு மேல் நெட்டையின் பத்து விரல்கள். பந்து மெதுவாக வந்து, வலது சுண்டுவிரலைப் பின்னால் வளைத்துவிட்டுப் போனது. கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் "ஆ" என்றது. நான் பாப்பாவைப் பார்த்தேன். யாருக்காகக் கேமராவை மேலே தூக்கினாளோ, அவளுக்கே அந்தப் படம் எதிராகப் போய்விட்டது. பாப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நெட்டை திரையைப் பார்த்தாள். அந்தச் சுண்டுவிரலை உயர்த்தி நடுவரிடம் காட்டி, பட்டது என்று தலையசைத்தாள். புள்ளி அந்தப் பக்கம் போனது, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போனது.

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நெட்டை வந்தாள். கிட்டத்தில் பார்க்க இன்னும் உயரம். பாப்பா குழியில் இருந்ததால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாடி உயரம் இருந்தது.

"உன்னால ரெண்டு தடவ தோத்துட்டேன். அன்னிக்கு நீ பாக்காததால, இன்னிக்கு நீ பாத்ததால."

"தெரியும்" என்றாள் பாப்பா.

"இன்னிக்குத் தோத்தது பரவால்ல. பட்டது எனக்கே தெரிஞ்சுது, நடுவர் தப்பா சொன்னதும் வாயை மூடிட்டு இருந்தேன்." உட்கார்ந்து, குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தப் படம் எனக்கு வேணும். சுண்டுவிரல் வெளிய திரும்பியிருக்கு பாத்தியா? அது தப்புன்னு எங்க கோச் ரொம்ப நாளா சொல்றார், நான் நம்பவே இல்ல. இத்தனை வருஷமா டிவில வரேன், என் கையை இன்னிக்குத்தான் பாத்தேன்."

பாப்பா அப்போதுதான் சிரித்தாள். "தரேன். முதல்ல கையைக் குடு, ஏறணும்."

வண்டிக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் சுருட்டிய கேபிளைப் புரட்டிப் பார்த்தார். "நீங்கதான் அண்ணனா? உங்க தங்கச்சி சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்ல."

"வீட்லயும் அப்படித்தான் சார்."

"நடுவர் வண்டிக்கு வந்து கை கொடுத்துட்டுப் போனார். இந்த மாதிரிப் படம் இருந்தா அவருக்கு வேலை சுலபமாம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீ குடிச்சீங்களா?" மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த போட்டிக்கான ஆள் வரிசையில் நாலு என்ற இடத்தில் அவள்தான் இருந்தாள்.

இப்போது பெண்கள் ஆட்டம் வந்தால் அம்மா டிவியை விட்டு நகர்வதில்லை. பந்து விரலில் பட்டதா இல்லையா என்று நடுவருக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். "பட்டுதுடா, நான் பாத்தேன்" என்பாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். கூட்டத்தில் முடி கோதும் பெண்களை மூணு இன்னும் காட்டத்தான் செய்கிறார். எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சைகை மாறிவிட்டது. புதிதாக வரும் கேமராக்காரர்களுக்கு வண்டிக்காரரே சொல்லித்தருகிறாராம், ஏதோ தான் கண்டுபிடித்தது மாதிரி: "விரல் மடங்கினதும் கையோட மேல போயிடணும்பா, புரியுதா?" பாப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் மறுபடியும் கேபிள் சுருட்டப் போயிருந்தேன். "நாலு, சைகை" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு விரல், மடங்கியது. "நாலு, மேல போ" என்று அவர் சொன்னபோது பாப்பாவின் கேமரா ஏற்கெனவே வலைக்கு மேலே, விரிந்திருந்த இரண்டு கைகளுக்கு நடுவில், பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.